மல்லிக்குத் தண்ணீர் நிறுத்திய மாதம்

அந்த மூலையில் உட்காராதீர்கள். மேலே ஏ.சி. பெட்டி ஒழுகும், சரியாகக் கழுத்தில் சொட்டும். எழுதிக் கொடுத்தோம், வந்து பார்த்தார்கள், இன்னும் ஒழுகுகிறது. இப்படித் தள்ளி வாருங்கள். பையைக் கீழே வைக்காதீர்கள், தரை இப்போதுதான் துடைத்திருக்கிறது.

முதல் நாள்தானே? உங்கள் வீட்டுக்காரரை உள்ளே கூட்டிப் போகும்போதே தெரிந்தது. ஃபைல் மடிப்புக்கூட விழாமல் இருக்கிறது. எங்கள் ஃபைலைப் பாருங்கள், முதுகு கிழிந்து டேப் ஒட்டியிருக்கிறேன். ஐப்பசியில் ஆரம்பித்தது. செவ்வாய், வெள்ளி டயாலிசிஸ். உள்ளே போனால் நாலு மணி நேரம். அந்தக் கதவை எத்தனை தடவை திரும்பிப் பார்த்தாலும் நாலு மணி நேரம்தான். என் பெயர் ஆவுடையம்மாள். பாளையங்கோட்டையேதான். மூன்றாம் கட்டிலில் இருப்பவர் என் வீட்டுக்காரர், சங்கரலிங்கம். கூட்டுறவுக் கடையில் முப்பது வருடம் எடை போட்டவர். இப்போது அவரை எடை போடுகிறார்கள். வந்ததும் ஒரு தடவை, போகும்போது ஒரு தடவை.

தண்ணீர் விஷயம் சொன்னார்களா? சொல்லியிருப்பார்கள். எங்களுக்கு ஒரு நாளைக்கு எழுநூறு மில்லி. காலையில் காப்பி, மத்தியானம் ரசம், மோர், மாத்திரைக்குக் குடிக்கிறது, எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். அதற்கு மேல் உள்ளே போனால் வெளியே வர வழி கிடையாது, நெஞ்சில் போய் நின்றுகொள்ளும் என்றார் டாக்டர். அவர் சொன்ன அன்றைக்கு இதே பெஞ்சில் என்னோடு இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருத்தி அழுதாள். "தண்ணின்னு கேட்டா எப்படிக்கா இல்லைன்னு சொல்ல" என்று அழுதாள். நான் அழவில்லை. தண்ணீர் நிறுத்துவது எனக்குப் புதிதில்லை. இருபத்திரண்டு வருடமாகத் தை பிறந்தால் தண்ணீர் நிறுத்துகிறவள் நான்.

மல்லிக்கு, தங்கச்சி. மனுஷருக்கு இல்லை.

எங்கள் வீட்டுப் பின்பக்கம் நீளமாக ஒரு இடம். பன்னிரண்டு மூடு, பன்னிரண்டு செடி, குண்டுமல்லி வைத்திருக்கிறேன். முன்னால் காம்பவுண்டு ஓரம் செம்பருத்தி இரண்டு, நந்தியாவட்டை ஒன்று, பக்கத்துச் சந்தை ஒட்டி ஒரு அரளி. அதெல்லாம் சும்மா, வாசலுக்கு. மல்லிதான் எனக்கு முக்கியம். நான் ஏழாம் வகுப்போடு நின்றவள். எனக்கு உருப்படியாகத் தெரிந்தது இந்த ஒன்றுதான், அதை நன்றாகத் தெரியும்.

பொங்கல் அன்றைக்குப் பானை இறக்கியதும் ஒவ்வொரு மூட்டுக்கும் ஒரு குடம். அது கடைசித் தண்ணீர். பிறகு இருபது நாள் ஒரு சொட்டுக் கிடையாது. முதல் வாரம் செடிக்கு ஒன்றும் தெரியாது. இரண்டாம் வாரம் இலை தொங்கும். மூன்றாம் வாரம் மஞ்சளாகும், விரல் பட்டால் உதிரும். பார்க்கிறவர்கள் எல்லாம் "என்ன, இப்படிச் சாகவிட்டுட்டிய" என்பார்கள். இருபதாம் நாள், மீதி இலையை உருவிவிட்டு, முழங்கால் உயரத்துக்குக் கவாத்து வெட்டுவேன். அன்றைக்குத் தலைக்கு எண்ணெய் வைக்க மாட்டேன், யாரோடும் சண்டை போட மாட்டேன். அதனால் அன்றைக்கு யாரோடும் பேசவே மாட்டேன். மூட்டைச் சுற்றிக் கொத்தி, ஆட்டுப்புழுக்கை போட்டு, ஈரம் காட்டாமல் வைத்திருப்பேன். சிவராத்திரிக்கு மறுநாள் காலையில், விரதம் முடித்து நான் ஒரு வாய் குடிப்பதற்கு முன்னால் அதற்குத் தண்ணீர் ஊற்றுவேன். இதெல்லாம் யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. நானாகப் பழகிக்கொண்டது.

ஒரு மாதத்தில் மொக்கு விழும். காய்ந்து கிடந்த செடிதான் பூக்கும். தினம் தண்ணீர் குடிக்கிற செடி இலையாகப் போட்டுக்கொண்டே போகும். பார்க்கப் பச்சைப்பசேல் என்று இருக்கும், மருந்துக்கு ஒரு பூ இருக்காது.

பங்குனி உத்திரத்துக்கு நாங்கள் சாஸ்தா கோயிலுக்குப் போவோம். அவர் வழிச் சாஸ்தா. திருச்செந்தூர் போகிற வழியில் உள்ளே தள்ளி, செம்மணல் தேரிக்காட்டில் இருக்கிறது. வருடத்துக்கு ஒரு நாள், சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் வருவார்கள். அந்த வருடத்து முதல் பூ சாஸ்தாவுக்கு. ஒவ்வொரு வருடமும் ஏதோ மூன்று முழம், நாலு முழம் கட்டிக்கொண்டு போவேன். இந்த வருடம் பதினோரு முழம் என்று நேர்ந்திருந்தேன். கார்த்திகையில் ஒரு நாள் இவருக்கு மூச்சு முட்டி, உள்ளே ஐ.சி.யூ.வில் போட்டுவிட்டார்கள். அன்றைக்கு நேர்ந்தது. இவரை எழுப்பி உட்கார வைத்துவிடு, என் மூட்டுப் பூவை என் கையால் பதினோரு முழம் கட்டிப் போடுகிறேன், ஒரு பூக்கூடக் கடையில் வாங்க மாட்டேன் என்று. மூன்றாம் நாள் எழுந்து உட்கார்ந்துவிட்டார். சாஸ்தா சொன்னபடி செய்துவிட்டார். நான்தான் செய்ய வேண்டும்.

இவருக்கும் அது தெரியும். நான் சொல்லியிருந்தேன். அதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

தை, மாசி, பங்குனி மூன்று மாதமும் எனக்கு இருப்புக் கொள்ளாது. பக்கத்து வீட்டில் ஒரு வேம்பு. மாசியில் அத்தனை இலையையும் எங்கள் பக்கம் கொட்டும். காற்று அந்தப் பக்கம் அடித்தாலும் எங்கள் பக்கம்தான் கொட்டும். பெருக்கி நிமிர்வதற்குள் மறுபடி கிடக்கும். அது முடிந்தால் வேப்பம்பூ. செம்பருத்தியில் மாவுப்பூச்சி அடைஅடையாக ஏறும். வேப்பெண்ணெயும் சோப்புத் தண்ணீரும் கலந்து துணியால் ஒவ்வொரு கொம்பாகத் துடைக்க வேண்டும். பிறகு அணில். அது மொக்கைத் தின்றாலாவது பரவாயில்லை, கொறித்துக் கொறித்துப் போடும். அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தேன். இவருடைய எக்ஸ்ரே படங்களைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டேன். வெயிலில் பளபளவென்று ஆடும், அணில் கிட்டே வராது. நெஞ்சு இரண்டு, வயிறு ஒன்று. இவர் வந்து பார்த்துவிட்டு, "ஏளா, என்னைய இங்கயும் தொங்கவிட்டுட்டியா" என்றார். அப்போதெல்லாம் பேசுவார்.

எல்லாவற்றையும்விட மோசம் காலையில் நடக்கப் போகிறவர்கள். உங்கள் பக்கமும் உண்டா? நடப்பது உடம்புக்காம். கையில் பிளாஸ்டிக் பை எதற்கு? எங்கள் தெருவில் மங்கையர்க்கரசி டீச்சர் என்று ஒருத்தர். ரிட்டயர்டு ஹெட்மிஸ்ட்ரஸ். மழை இருக்கோ இல்லையோ குடை கொண்டுவருவார். குடைப்பிடியைக் காம்பவுண்டுக்கு மேல் போட்டுக் கொம்பை வளைத்து, செம்பருத்தியை ஒன்றுகூட விடாமல் பறித்துவிடுவார். ஒரு நாள் கையும் பையுமாகப் பிடித்தேன்.

"என்ன டீச்சர், பூப் பறிக்கியளோ?"

"சாமிக்குத்தானே ஆவுடை. நானா தலையில வச்சுக்கிடுதேன்?"

"ஒங்க வீட்டுச் சாமிக்கு எங்க வீட்டுச் செவரு ஏறணுமா?"

"பூத்துக் கெடக்கு. நீங்க பறிக்கலைன்னா வாடித்தானே போவும்."

"வாடட்டும். நான் பாத்துக்கிட்டு இருக்கேன்."

அதிலிருந்து தினம் காலை ஐந்தரைக்கு முன்வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவேன். வெயில் ஏறுகிற வரைக்கும் காவல். இவர் எழுந்தால் எழுந்திருக்கட்டும் என்று பின்கதவைத் திறந்து வைத்துவிட்டுப் போவேன். ஒரு மனுஷி இரண்டு பக்கத்தையும் எப்படிப் பார்க்க முடியும்?

இந்த வருடம் பொங்கல் முடிந்து இரண்டாம் வாரம் இலை தொங்க ஆரம்பித்தது. சரி, வழக்கம்தான் என்று விட்டுவிட்டேன். மூன்றாம் வாரம் பார்த்தால் இலை நிமிர்ந்து நிற்கிறது. எனக்குச் சந்தேகம். பனி ஜாஸ்தியோ என்று நினைத்தேன். இருபதாம் நாள் வந்தது, ஒரு இலை மஞ்சளாகவில்லை. நுனியில் தளிர் விட்டிருக்கிறது. மண்ணைத் தோண்டிப் பார்த்தால் உள்ளே ஈரம்.

எங்கேயோ குழாய் ஒழுகுகிறது என்று முடிவு பண்ணிவிட்டேன். இசக்கி என்று ஒரு பிளம்பர், அவனைக் கூட்டிவந்தேன். சுவர் ஓரமாக இருபதடி நீளம் தோண்டினான். குழாய் கல்லு மாதிரி இருக்கிறது, ஒரு கசிவு இல்லை. நான் விடவில்லை. அந்தப் பக்கம் தோண்டு என்றேன். தோண்டினான். மூன்று மூட்டுக்கு வேரை வெட்டிவிட்டான் பாவி. "அக்கா, பைப்புல ஒண்ணும் இல்லக்கா. பூமியில ஊத்து கீத்து இருக்கோ என்னவோ, ஜோசியரைக் கூப்பிடுங்க" என்றான். நக்கல்.

இவர் அவ்வளவு நேரமும் பின்வாசல் படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். இசக்கிக்குத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். அவன் சொம்பைத் தூக்கிக் குடிக்கிறதையே பார்த்துக்கொண்டிருந்தார். நான்தான் அவனை அந்தப் பக்கம் போய்க் குடி என்று விரட்டினேன். நான் இவர் முன்னால் தண்ணீர் குடிக்க மாட்டேன். ஐப்பசியிலிருந்து குளியலறைக்குள் போய்த்தான் குடிக்கிறேன். நீங்களும் அப்படிச் செய்யுங்கள். பார்த்தால் கேட்பார்கள்.

கேட்பார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். முதலில் வாயால் கேட்பார்கள். பிறகு ஐஸ் கட்டி கேட்பார்கள். பிறகு வாய் கொப்பளிக்கிறேன், துப்பிவிடுகிறேன் என்பார்கள். துப்ப மாட்டார்கள். இவர் நடு மத்தியானத்தில் விரலை மட்டும் காட்டுவார், இவ்வளவுதான் என்று, சுண்டு விரல் நுனி. நான் தலையை ஆட்டிவிட்டு வேறு வேலை பார்ப்பேன். கல் மனசு என்று என் மகளே போனில் சொன்னாள். ஓசூரில் இருந்துகொண்டு சொல்வது சுலபம்.

எங்கே விட்டேன்? மாசி நாலாம் தேதி. காலையில் முன்வாசலில் உட்கார்ந்திருக்கிறேன். முன்பக்கம் வழியில்லை என்றதும் டீச்சர் பக்கத்துச் சந்தில் நுழைந்து அரளியை வளைத்துக்கொண்டிருக்கிறார். சத்தம் கேட்டு ஓடினேன்.

"டீச்சர், வெக்கமா இல்லையா ஒங்களுக்கு? ஆயிரம் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னியளே, திருடக் கூடாதுன்னு ஒரு நாளாவது சொன்னியளா?"

அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. குடையை எடுத்து மடக்கினார். மடக்கிவிட்டுச் சொல்கிறார்:

"என்னைய காவல் காக்கறதுக்கு முந்தி ஒங்க வீட்டு ஆளைக் காவல் காத்துக்கிடுங்க. தெனம் இந்நேரம் அந்த மனுசன் சொம்பும் கையுமா உங்க மல்லிக்கு ஊத்திக்கிட்டு நிக்காரு. பாவம், நிக்க முடியல. செவத்தைப் பிடிச்சுக்கிட்டு ஊத்துதாரு."

நான் சந்து வழியாகவே பின்னால் போனேன். அப்போதும் நின்றுகொண்டிருந்தார். ஒன்பதாவது மூடு. இடது கையால் சுவரைப் பிடித்திருக்கிறார். ஊசி குத்துகிற கை அது, அழுத்தக் கூடாது என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறார்கள். வலது கையில் சொம்பு. மூட்டில் மெதுவாக, மண் குழியாமல் ஊற்றுகிறார்.

"நீங்கதானா?"

"ஆமா."

"எத்தனை நாளா?"

"எலை தொங்குச்சுல்லா. அன்னையிலேருந்து."

"நான் ஆளைக் கூட்டிட்டு வந்து பூமியத் தோண்டுதேன். சொல்ல வேண்டியதுதானே? வாயில என்ன வச்சிருந்திய?"

"வாயில என்ன இருக்கு. அதான் காஞ்சு கெடக்கே."

"அது காயணும். காஞ்சாத்தான் பூக்கும். இருபத்திரண்டு வருசமாப் பாத்துக்கிட்டுத்தானே இருக்கிய?"

"இருபத்தோரு வருசம் பாத்தேன். இந்த வருசம் பாக்க முடியல."

"ஏன், கண்ணு தெரியலையா?"

சொம்பில் மிச்சம் இருந்ததை அந்த மூட்டிலேயே ஊற்றிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். "அதுக்கும் டாக்டரா சொன்னாரு?" என்றார்.

பாருங்கள், கேள்விக்கு நேராகப் பதில் சொல்ல மாட்டார். என்றைக்குமே இந்தக் குதர்க்கம்தான்.

எனக்கு உடனே அடுத்த பயம். மூன்று வாரமாகச் செடிக்கு ஊற்றுகிற சாக்கில் இவரும் குடித்திருப்பார். நிச்சயம் குடித்திருப்பார், குழாயடியில் நிற்கிறவர் குடிக்காமல் இருப்பாரா? கேட்டேன். இல்லை என்றார். நான் நம்பவில்லை. மறுநாள் வெள்ளிக்கிழமை. இங்கே வந்ததும் எடை மிஷினில் ஏற்றினார்கள். நான் சிஸ்டரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். உள்ளே இருக்கிறாரே, ஜெபசெல்வி சிஸ்டர், கண்ணாடி போட்டவர், அவர்தான். திட்டப்போகிறார் என்று காத்திருக்கிறேன். அவர் சிரிக்கிறார். "சார், ஒரு கிலோதான் ஏறியிருக்கு. இங்க யாருமே இப்படி இல்ல. மூணு வாரமா ஒரே மாதிரி வச்சிருக்கீங்க" என்கிறார்.

குடிக்கவில்லை. பன்னிரண்டு மூட்டுக்கு, மூட்டுக்கு மூன்று சொம்பு, மூன்று வாரம். அவ்வளவு தண்ணீரும் அவர் கை வழியாகப் போயிருக்கிறது. நாக்கில் ஒரு சொட்டு வைக்கவில்லை.

எனக்கு அப்போதுதான் கோபம் அதிகமானது. குடிப்பதற்காக என்றால் புரிகிறது. தாகம் எடுத்தவர் திருட்டுத்தனமாகக் குடித்தார், நாலு வார்த்தை திட்டலாம், விட்டுவிடலாம். குடிக்கவும் இல்லை. பிறகு எதற்காக? என் பூவைக் கெடுப்பதற்காக. நேர்ச்சை என்று தெரிந்தும், அதுவும் அவருக்காக நேர்ந்தது என்று தெரிந்தும் செய்திருக்கிறார். தண்ணீர் கொடுக்காமல் வைத்திருக்கிறேன் என்று என் மேல் வன்மம். வேறு என்ன காரணம் இருக்க முடியும்? நீங்களே சொல்லுங்கள்.

வீட்டுக்குப் போனதும் பின்பக்கக் குழாயின் திருகைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டேன். சிவராத்திரிக்கு ஒரு வாரம்தான் இருந்தது. அந்த ஒரு வாரப் பட்டினி எந்த மூலைக்குக் காணும்? பச்சை இலையைப் பிடுங்கி உருவினேன். வராது, நார் நாராகக் கிழியும். கையெல்லாம் பால் பிடித்த மாதிரி பிசுபிசுத்தது. அன்றைக்குப் பேசாமல் இருக்க வேண்டிய நாள், நான் பேசிக்கொண்டே வெட்டினேன். என்ன பேசினேன் என்று கேட்காதீர்கள். இவர் படியில்தான் உட்கார்ந்திருந்தார். கேட்டுக்கொண்டுதான் இருந்தார். கடைசியில் எழுந்து போகும்போது, "இருக்கட்டும்ளா, போதும்" என்றார். எதைப் போதும் என்றார் என்று தெரியவில்லை.

உத்திரத்துக்கு முந்தின நாள் எண்ணிப் பார்த்தேன். பன்னிரண்டு மூட்டிலும் சேர்த்துப் பத்தொன்பது மொக்கு. மற்றதெல்லாம் இலை. பூ மார்க்கெட்டில் போய்ப் பதினோரு முழம் வாங்கினேன். பத்தொன்பதையும் நடுவில் வைத்துக் கட்டினேன். கோயிலில் என் கொழுந்தன் பெண்டாட்டி மாலையை மோந்து பார்த்துவிட்டு, "என்னக்கா, இந்த வருசம் கடைப் பூவா? மருந்து வாடை அடிக்கே" என்கிறாள், அத்தனை பேர் முன்னாலும். சாஸ்தா முகத்தை என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. இவர் வரவில்லை. வெயில் ஆகாது, நீ போயிட்டு வா என்றுவிட்டார். காலைக்கு ஒரு டம்ளர், மத்தியானத்துக்கு ஒரு டம்ளர் அளந்து, தட்டுப் போட்டு மூடி வைத்துவிட்டுத்தான் போனேன்.

மூன்று மணிக்குத் திரும்பி வந்தேன். கோயில் தீர்த்தம் ஒரு சின்ன பாட்டிலில் கொண்டுவந்திருந்தேன். தீர்த்தமானாலும் தண்ணீர்தானே. காரில் வரும்போதே நினைத்துக்கொண்டேன், ஒரு ஸ்பூன் கொடுக்கலாம், ராத்திரி மாத்திரைத் தண்ணீரில் ஒரு ஸ்பூனைக் குறைத்துவிடலாம் என்று. உள்ளே வந்தால் இரண்டு டம்ளரும் தட்டு விலகாமல் அப்படியே இருக்கிறது.

"சாஸ்தா தீர்த்தம். கையை நீட்டுங்க."

"இன்னைக்கு உள்ளது முடிஞ்சிட்டு."

"எங்க முடிஞ்சுது? ரெண்டு டம்ளரும் அப்படியே இருக்கே."

"முடிஞ்சிட்டுளா" என்றார், ஏதோ நான் கேட்டு அவர் இல்லை என்கிற மாதிரி. கையை நீட்டவில்லை.

அன்றிலிருந்து இவர் என்னிடம் தண்ணீர் கேட்பதில்லை. ஐந்து வாரம் ஆகப்போகிறது. விரலைக் காட்டுவதில்லை, ஐஸ் கேட்பதில்லை. முதல் வாரம் எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா? ஒரு வழியாகப் பழகிவிட்டார் என்று நினைத்தேன். போனில் மகளிடம் பெருமையாகச் சொன்னேன். பிறகுதான் பார்த்தேன், கொடுத்ததிலேயே மீதம் வைக்கிறார். காப்பி பாதி கிடக்கும். மோர் அப்படியே இருக்கும். மாத்திரையை எச்சிலோடு விழுங்குகிறார். எழுநூறு மில்லியில் சாயங்காலம் பார்த்தால் முந்நூறு நிற்கிறது. அதை என்ன செய்வது? மறுநாள் சேர்த்துக் கொடுக்கலாமா என்று சிஸ்டரிடம் கேட்டேன். அப்படியெல்லாம் சேர்க்க முடியாதும்மா என்றார்.

குழாய்த் திருகைக்கூட மறுபடி மாட்டிவிட்டேன். அவர் பார்க்கிற மாதிரியே மாட்டினேன். வேண்டுமானால் ஊற்றிக்கொள்ளட்டும், செடி இனிமேல் கெட்டால் என்ன, நல்லா இருந்தால் என்ன. பார்த்தார். பக்கத்தில் போகவில்லை. சித்திரை பிறந்த பிறகு இப்போது அது பாட்டுக்குப் பூக்கிறது. ஒரு நாளைக்கு ஒரு படி வருகிறது, யாருக்கு வேண்டும்? ஒரு நாள் டீச்சரைக் கூப்பிட்டு முந்தானை நிறையக் கொடுத்தேன். அவர் பயந்துபோய் வாங்கிக்கொண்டு, அந்தப் பக்கம் வருவதையே நிறுத்திவிட்டார்.

இன்றைக்குக் காலையில் எடை பார்த்துவிட்டு சிஸ்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "ஆவுடையம்மா, இருக்க வேண்டிய எடையைவிடக் கம்மியா வாராங்க. மிஷின் போட்டா பிரஷர் இறங்குது. நாலு தடவையா இப்படித்தான் இருக்கு. இப்படியே வந்தா ஆபத்து. வீட்டுல குடிக்க ஒண்ணும் கொடுக்கலையா?" என்று கேட்கிறார். என்னைப் பார்த்து. நான் கொடுக்கவில்லையாம். தண்ணீரை நிறுத்தச் சொன்னது யார்? நானாகவா நிறுத்தினேன்? இதே பெஞ்சில் உட்கார வைத்து, தாட்சண்யம் பார்க்காதீங்க, கெஞ்சினாலும் கொடுக்காதீங்க என்று படித்துப் படித்துச் சொன்னது யார்? சொன்னபடி செய்தேன். கெஞ்சினால் என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். கெஞ்சாமல் சும்மா உட்கார்ந்திருக்கிற மனுஷரை என்ன செய்வது? அதை இங்கே ஒருத்தரும் சொல்லித் தரவில்லை.

நான் சொல்லிப் பார்க்காமல் இல்லை. நேற்று மத்தியானம் டம்ளரைக் கையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். "குடிங்க, டாக்டர் விட்டதுதானே" என்றேன். "வச்சுட்டுப் போ" என்றார். வைத்துவிட்டுப் போனேன். கதவிடுக்கு வழியாக அரை மணி நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். டம்ளரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மணி என்ன ஆகிறது? பதினொன்றா? பாருங்கள், சிஸ்டர் கதவைத் திறக்கிறார். உங்களைத்தான் கூப்பிடுவார். முதல் நாள் இரண்டு மணி நேரத்தில் எடுத்துவிடுவார்கள். கையெழுத்துக்குக் கூப்பிடுவார்கள், செருப்பை வெளியே விட்டுவிட்டுப் போங்கள். உங்கள் வீட்டுக்காரருக்கு நாலாம் கட்டில். பக்கத்தில் மூன்றாவதில்தான் இவர் இருப்பார், சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருப்பார், தூங்க மாட்டார்.

ஒன்று செய்கிறீர்களா? போகிற போக்கில் இவரைக் கொஞ்சம் கேட்டுப் பாருங்கள். வேற்று மனுஷி கேட்டால் பதில் சொல்வார், மரியாதைக்காரர். தாகமாக இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள். நான் கேட்கச் சொன்னேன் என்று சொல்லாதீர்கள், சொன்னால் இல்லை என்பார். ஆமாம் என்று சொன்னால் கையைக் காட்டுங்கள், இந்தக் கண்ணாடி வழியாக நான் பார்த்துக்கொண்டுதான் நிற்பேன். பிளாஸ்க்கில் வைத்திருக்கிறேன். ஒரு டம்ளர் கொடுக்கலாம். மிஞ்சிப்போனால் ஒன்றரை. அதற்கு மேல் கேட்டால் கிடையாது என்று சொல்லிவிடுங்கள்.

இல்லை, அதைச் சொல்ல வேண்டாம். அவர் கேட்டால் போதும்.